மண்குதிரையின் காலடியில் இரண்டு ஜோடிச் செருப்பு

காலை பத்து இருபதுக்கு என் இடது குதிகாலில் முள் ஏறியது. ஒரு வேரின் மேல் உட்கார்ந்து அதைப் பிடுங்கி எடுத்துவிட்டு நிமிர்ந்தேன். முன்னால் போய்க்கொண்டிருந்த மகளைக் காணவில்லை.

நாங்கள் இருப்பது மரக்காணத்தில். மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் யாரோ சொல்லி அவளுக்கு நடைப்பயணத்தில் ஆசை வந்தது. ஓடைகள் எல்லாம் எங்கே போய்ச் சேருகின்றன என்று நடந்தே பார்க்க வேண்டுமாம். சின்ன வயதிலிருந்து அவளுக்கு மூச்சிரைப்பு உண்டு. தனியாக விடுவதற்கில்லை. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, இன்ஹேலர், உப்புச் சர்க்கரைப் பொடி, கட்டுத் துணி, இரண்டு பாட்டில் தண்ணீர் எல்லாவற்றையும் பையில் அடைத்துக்கொண்டு நானும் கிளம்பினேன். "நீங்க அவளுக்குக் காவலா, அவ உங்களுக்குக் காவலா?" என்று என் மனைவி வாசலில் நின்று கேட்டாள். அன்று அதைக் கேட்டுச் சிரித்தேன்.

திண்டிவனம் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஓடைக்கரையைப் பிடித்துக் கிழக்கே நடந்தோம். ஒரு பக்கம் மணிலாக் கடலை வயல், மறுபக்கம் சவுக்கு. தண்ணீர் குறைந்து, மணல்திட்டுகளைச் சுற்றிச் சுற்றி ஓடியது. பைக்கில் வந்த மூன்று பேர் மூன்று இடத்தில் நின்று, பஸ் போய்விட்டதா, ஏறிக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். மூன்றாவது ஆள் போன பிறகு மகள் சொன்னாள்: "அப்பா, நம்ம ஊர்ல சும்மா நடந்தா பாவமா பாக்குறாங்க."

ஓடை வளைகிற மேட்டில் அந்தக் கோயில்காடு இருக்கிறது. உள்ளே அய்யனார். எத்தனை தலைமுறைப் பழையது என்று யாருக்கும் தெரியாது. சாமி காடு என்பதால் விறகுக்குக்கூட ஒரு குச்சியை யாரும் எடுப்பதில்லை. வீரை, காசா, பாலை என்று கரும்பச்சையாக நெருங்கி நிற்கும் மரங்கள். ஒரு மரத்தில் ஏறிய கொடி நாலு மரம் தாண்டி இறங்கும். பகலிலும் வெயில் காசு காசாகத்தான் விழும். வெளியே சவுக்குத் தோப்பில் காற்று இரைந்துகொண்டே இருந்தது. உள்ளே அது நின்றுவிட்டது.

எங்கள் குடும்பம் பங்குக் கோயிலைச் சுற்றி வாழும் குடும்பம். பூசை, ஜெபக்கூட்டம், மாதா திருவிழா. இன்னொருவர் சாமியின் இடத்துக்குள் போகும்போது எங்களைப் பற்றி ஒரு சொல் வந்துவிடக் கூடாதே என்று எனக்குப் பயம். காட்டின் மேற்கு ஓரத்தில் ஒரு பெரிய மண்குதிரை நின்றது. அதன் காலடியிலேயே இருவரும் செருப்பைக் கழற்றினோம். இரண்டு போனையும் அணைத்து என் பைக்குள் வைத்தேன். உள்ளே சத்தம் போடக் கூடாது, கூப்பிடக் கூடாது, எதையும் பறிக்கக் கூடாது என்று மகளிடம் சொன்னேன். "மூச்சு விடலாமா?" என்றாள். அதற்கும் சிரித்தேன்.

அவளைக் காணவில்லை என்றதும் நான் கத்தவில்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இரண்டு முறை மெதுவாக, பூசை நேரத்தில் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டேன். பதில் இல்லை. வேகமாக நடந்தேன். பாதை இரண்டாகப் பிரிந்தது, பிறகு ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிந்தது. கோயில் வரை போனேன். சனிக்கிழமை பூசை இல்லை போலும், பூட்டியிருந்தது. வந்த வழியே ஓடி மண்குதிரையிடம் போனேன். அவளுடைய நீலச் செருப்பு அங்கேயே இருந்தது.

அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி வந்தது. செருப்பு இங்கே இருந்தால் அவள் உள்ளேதான் இருக்க வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. போன் செய்ய நினைத்தேன். அவள் போன் என் பையில் இருந்தது. இன்ஹேலரும் என் பையில்தான் இருந்தது. மறுபடி உள்ளே போனேன். மொத்தம் மூன்று சுற்று. புதருக்குள் குனிந்து பார்த்தேன். பள்ளங்களைப் பார்த்தேன். உட்கார்ந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருப்பாளோ என்று நின்று நின்று காது கொடுத்தேன். கேட்டதெல்லாம் என் மூச்சுதான். மூன்றாவது சுற்றில் அருள் நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்து, பாதியில் அடுத்த வரி மறந்துபோனேன். முப்பத்தெட்டு வருஷமாகச் சொல்லும் ஜெபம்.

பதினொன்றரைக்கு நான் மறுபடி செருப்பின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது, ஆடு ஓட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். என் வயதுதான் இருக்கும். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு செருப்புகளைப் பார்த்தார்.

"இங்கியே கழட்டிட்டீங்களா சார்? நாங்கல்லாம் கோயில் வாசலாண்டதான் விடுவோம். இங்கேர்ந்து வெறுங்கால்ல போனா முள்ளு கிழிச்சிடும்."

நான் செருப்பைக் காட்டி, அது இங்கே இருப்பதால் அவள் உள்ளேதான் இருக்கிறாள் என்றேன்.

"செருப்பு இருந்தா ஆளு இருக்கணுமா? கிழக்கால ஒரு வழி இருக்குது. ஓடையில எறங்கி ஏறுனா உப்பளம். அந்தாண்ட போயிருக்கும்."

மேற்கிலேயே நின்றுகொண்டிருந்த எனக்கு, அந்தக் காட்டுக்குக் கிழக்கு என்று ஒன்று உண்டு என்பதே அதுவரை தோன்றவில்லை. உடனே ஓடப் பார்த்தேன். அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். நான் அந்தப் பக்கம் போய், பெண் இந்தப் பக்கம் திரும்பி வந்தால் மறுபடி இதே கதைதான் என்றார். தன் போனை எடுத்து உப்பளத்தில் வேலை செய்யும் யாருக்கோ அடித்தார். கேட்டார், தலையாட்டினார், வைத்தார். "இருக்குது. கூட்டியாறாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, சவுக்குக்குள் நுழைந்த ஒரு ஆட்டைத் திட்டிக்கொண்டே போனார். எப்படி இருக்கிறாள் என்று அவரிடம் கேட்கவில்லை.

அந்த அரை மணி நேரம் அவளுடைய செருப்பைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வார் ஓரத்தில் அவள் பேனாவால் வரைந்திருந்த ஒரு மீனை அன்றுதான் பார்த்தேன். இப்போதும் பள்ளியிலிருந்து அவள் ஐந்து நிமிடம் தாமதமாகத் திரும்பினால் என் கண் முதலில் வாசலில் செருப்பைத்தான் தேடுகிறது. மாதங்கள் ஆகியும் அது போகவில்லை.

பன்னிரண்டு ஐந்துக்கு, காட்டைச் சுற்றிவரும் மண் பாதையில் ஒரு மொபெட் வந்தது. ஓட்டியவர் உப்பளத்துப் பெண். புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை, முழங்கால் வரை உப்புப் பொருக்கு. பின்னால் என் மகள். காலில் அவளுக்குப் பெரிதான ரப்பர் செருப்பு. அந்தப் பெண்ணின் கால் வெறுங்காலாக இருந்தது. மகளின் மூச்சு லேசாகத்தான் இரைந்தது. இன்ஹேலரைக் கொடுத்தேன். இரண்டு முறை இழுத்தாள். பிறகு அழுதாள்.

நடந்ததை அவள் விட்டு விட்டுச் சொன்னாள். மரங்களுக்கு நடுவே வெள்ளையாக ஏதோ தெரிய, பார்த்துவிட்டு வரலாம் என்று கிழக்கே இறங்கியிருக்கிறாள். உப்புக் குவியல்கள். திரும்பும்போது பாதைகள் எல்லாம் ஒன்றுபோல இருந்தன. கூப்பிடக் கூடாது என்று நான் சொல்லியிருந்ததால் கூப்பிடவில்லை. உப்புப் பாத்திகளில் வேலை செய்தவர்களிடம் போய், அவர்கள் போனில் என் எண்ணுக்கு அடித்திருக்கிறாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. நான் அணைத்ததை அவள் கவனித்திருக்கவில்லை; என் போன் அணைந்து அவள் பார்த்ததே இல்லை. எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

நான் அந்தப் பெண்ணைக் கும்பிட்டேன். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. மகள் திருப்பிக் கொடுத்த செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டே கேட்டார்:

"காட்டுக்குள்ள ஏன் சார் கூப்புடல?"

உங்கள் கோயிலாயிற்றே, மரியாதைக்காக என்றேன்.

அவர் மொபெட்டைத் திருப்பி நிறுத்தினார். "நாங்க ஆடு காணலன்னாலே இங்க நின்னு கத்துவோம். எங்க சாமி கோச்சிக்காது. ஒரு சத்தம் போட்டிருந்தா நாங்க அங்கேர்ந்தே குரல் குடுத்திருப்போம். இந்தப் பொண்ணு ஒண்ணும் தொலையல சார். உங்களக் காணோம்னு ஒரு மணி நேரமா பாத்தி பாத்தியா தேடிக்கினு இருந்துச்சு."