மழையிலும் தண்ணீர் கேட்ட மூங்கில்

"குடிக்கத் தண்ணி பிடிக்கவே விடியுமுன்ன குடத்தத் தூக்கிட்டு நிக்கோம். இதுல உன் மூங்கிலுக்கு எவன் ஊத்துவான்?"

அப்பா இதைக் கேட்டபோது அவர் கையில் அளவு நாடா இருந்தது. எங்கள் மாடி அறையின் ஒரே ஜன்னலை அளந்துகொண்டிருந்தார். தகரம் வைத்து அடைப்பதற்காக.

தாராவியில் எங்கள் வீடு கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை. மேல் அறை நான் படிப்பதற்கு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பட்டம் வாங்கியவளும் நான்தான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. அவ்வளவு படிப்பையும் அந்த ஜன்னல் வெளிச்சத்தில்தான் படித்தேன். செம்பூரில் ஓர் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்த பிறகும், அடுத்த பரீட்சைக்குக் காலையில் அங்கேதான் உட்காருகிறேன்.

எதிர்வீட்டுக்காரர் புதிதாக மாடி எடுத்துத் தையல் கார்க்கானாவுக்கு, அதாவது பட்டறைக்கு, வாடகைக்கு விட்டதில் எல்லாம் மாறியது. சந்து அவ்வளவு குறுகல். மெஷினிலிருந்து தலையைத் தூக்கினால் அவர்கள் என் புத்தகத்தையே படித்துவிடலாம். திரை போட்டுப் பார்த்தேன். காற்றடித்தால் தூக்கியது, காற்று நின்றால் அறை வெந்தது. இதற்குள் டீக்கடையில் யாரோ அப்பாவிடம் ஏதோ சொல்லியிருக்கிறார்கள். என்ன சொன்னார்கள் என்று அவர் இன்றுவரை வாய் திறக்கவில்லை. தகரம் மட்டும் வந்தது.

"தீவாளி வரைக்கும் பொறுங்கப்பா," என்றேன். "அதுக்குள்ள மூங்கில் மறைச்சிரும். மறைக்கலைன்னா நானே ஆணி அடிக்கேன்."

அவர் அளவு நாடாவைச் சுருட்டினார். தகரத்தை மாடிச் சுவரில் சாத்தி வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து அது என் படுக்கைக்கு எதிரே நின்றது.

அப்பா வேலை பார்க்கும் பிளாஸ்டிக் கோடவுனுக்கே போய், அவர் முதலாளியிடம் கேட்டு, சமையல் எண்ணெய் வந்த நீல டிரம் ஒன்றைப் பாதியாக அறுத்து வாங்கினேன். இரண்டு பாதிகளிலும் அடியில் துளை போட்டு, மண் நிரப்பி, ஜன்னலுக்கு வெளியே நீண்டிருக்கும் சிலாப்பில் வைத்தேன். செம்பூர் நர்சரியில், வேர் ஓடிப் பரவாமல் ஒரே இடத்தில் கொத்தாக வளரும் ஜாதியாகப் பார்த்து வாங்கி வந்து நட்டேன். கோடை தொடங்கியிருந்தது. புதிதாக நட்ட மூங்கிலுக்கு அது கெட்ட நேரம். ஆனால் தகரம் நல்ல நேரத்துக்குக் காத்திருக்காதே.

முதல் சண்டை அம்மாவோடு. எங்கள் வீட்டில் தண்ணீர் குவளையில்தான் நடமாடும். அம்மா மாடிக்கு வரும்போதெல்லாம் ஆளுக்கொரு வாய் என்பதுபோல டிரம்முக்கு ஒரு குவளை ஊற்றிவிட்டுப் போவாள். மேல்மண் எப்போதும் ஈரமாகத் தெரியும். ஒருநாள் ஓரத்தைத் தோண்டிக் காட்டினேன். கீழே புழுதி.

"வாளியோட கவுக்கணும்மா. அடித்துளையில தண்ணி வரணும். அப்புறம் விரல விட்டு மண்ணு காஞ்சிருக்கான்னு பாத்துத்தான் மறுபடி."

"வாளியோடயா? ஏட்டி, எனக்குக் கையே வராதுடி."

அவளுக்குக் கை வரவில்லைதான். எனவே நான் ஊற்றினேன். அரிசி களைந்தது, காய்கறி கழுவியது எல்லாம் சோப்புப் படாமல் தனி வாளியில் சேர்ந்தது. துளையில் வழிந்ததைத் தாம்பாளத்தில் பிடித்து மறுநாளுக்கு வைத்தேன். உதிர்ந்த இலைகளைக் கூட்டவிடாமல் மண்மேலேயே பரப்பினேன். வெயில் மண்ணைத் தொடக் கூடாது. தாகம் எடுத்தால் மூங்கில் இலை நீளவாக்கில் சுருண்டு ஊசிபோல ஆகிவிடும். மே மாதம் முழுவதும் ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுமுன் அந்த இலைகளைத்தான் பார்த்தேன். விரிந்திருந்தால் மூச்சு வரும்.

மழைக்கு முன் சந்து முழுக்க நீலத் தார்ப்பாய் கட்டும் வழக்கம். அப்பாவும் கூரையிலிருந்து சிலாப்பைத் தாண்டும்படி இழுத்துக் கட்டினார். இல்லாவிட்டால் கீழ் அறைக்கு ஒழுகும். மூங்கில் உச்சி மட்டும் ஓரமாக வெளியே நின்றது. பிறகு மழை வந்தது. எங்கள் சந்தில் மழை வந்துவிட்டால் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. தார்ப்பாய்மேல் பகலெல்லாம் அடிக்கிற சத்தம் கேட்கும்போது எதற்கு நினைக்க வேண்டும்?

ஒரு மாலை நான் மாடி ஏறியபோது அப்பா ஜன்னலருகே நின்றிருந்தார். கையில் சுத்தியல். மூங்கில் இலை ஒவ்வொன்றும் ஊசியாகச் சுருண்டிருந்தது.

"மழையிலயே வாடுதுன்னா அது செத்த மூங்கிலு. இனி என்னத்துக்குத் தீவாளி?"

"தீவாளின்னு ஒத்துக்கிட்டியல்லாப்பா."

"நான் எங்க ஒத்துக்கிட்டேன்? நீயா சொன்ன."

உண்மைதான். அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. நான் ஜன்னல் வழியாக டிரம்முக்குள் கையை விட்டேன். விரலில் ஒட்ட ஈரம் இல்லை. வெளியே உலகமே நனைந்துகொண்டிருக்க, தார்ப்பாய்க்கு அடியில் அந்த டிரம்கள் மட்டும் மே மாதத்திலேயே நின்றுவிட்டன. உச்சியில் விழுந்த மழையும் இலை வழியாக வெளியேதான் சொட்டியிருக்கிறது.

அப்பாவின் கையைப் பிடித்து உள்ளே விட்டேன். அவர் விரலை எடுத்துப் பார்த்தார். சுத்தியலைக் கீழே வைத்தார். ஆனால் தகரத்தைத் திரும்ப எடுத்துப் போகவில்லை.

கொட்டுகிற மழையில் வாளி வாளியாகத் தண்ணீர் தூக்கினேன். வீட்டுக்குள் படி இல்லை. வெளியே இரும்பு ஏணிதான். ஏறும்போதே தலை நனைந்துவிடும்.

"ஏ யாத்தே!" பக்கத்து வீட்டுப் பெரியம்மா வாசலிலிருந்து சந்துக்கே கேட்கும்படி கத்தினாள். "வானமே ஒழுகுது, இவ வாளியத் தூக்கிட்டுப் போறா! இதுக்குத்தான் உங்கம்ம காலேசுக்கு அனுப்புனாளா?"

எதிரே கார்க்கானாவில் ஒருவன் வானத்தைக் காட்டி இந்தியில் சொன்னான்: "மேலே இருக்கிறவர் டியூட்டியில்தான் இருக்கார் மேடம், நீங்க லீவ் எடுங்க." மெஷின்கள் நின்று சிரிப்பு வந்தது.

"அவருக்கு இந்த டிரம் தெரியல அண்ணா," என்று நானும் இந்தியில் சொல்லிவிட்டு ஊற்றினேன். முகம் எரிந்தது. ஆனால் வாளியைப் பாதியில் வைக்கவில்லை.

மழைக்காலத்தில்தான் மூங்கில் புதுக் குருத்து விடும். அந்த நேரம் மண் காய்ந்தால் குருத்து உள்ளேயே கருகிவிடும். இரண்டு டிரம்களில் ஒன்று விட்டது, மற்றொன்று விடவில்லை. வந்த குருத்துகளும் இலையில்லாமல் வெறும் கம்புகளாக உயர்ந்தன. மழை ஓய்ந்து வெயில் திரும்பியபோது நான் தகரத்தைப் பார்ப்பேன், கம்பைப் பார்ப்பேன். தீபாவளி நெருங்கும் நேரத்தில்தான் கணுக்களில் இலை பிரிந்தது.

தீபாவளிக்கு முந்தின நாள் அப்பா யாரிடமும் சொல்லாமல் கார்க்கானா மாடிக்குப் போனார். மெஷின்காரனை எழுப்பிவிட்டு அவன் ஸ்டூலில் உட்கார்ந்து எங்கள் ஜன்னலைப் பார்த்தார். நான் உள்ளே புத்தகத்தோடு இருந்தேன். அசையவில்லை.

திரும்பி வந்ததும் அம்மா கேட்டாள், "என்ன தெரியுது?"

"ஒரு பக்கம் ஒண்ணும் தெரியல. மத்த பக்கம் இவ கை தெரியுது."

"கைதானப்பா," என்றேன்.

"அடுத்த மழைக்குள்ள அதுவும் மறையணும்," என்றார். தகரம் சுவரிலேயே இருந்தது.

குளிர்காலத்தில் மண் மெதுவாகக் காய்ந்தது. விரல் சொன்னால் மட்டும் ஊற்றினேன். இப்போது மறுபடி கோடை, மறுபடி வாளி. இலைகள் விரிந்திருக்கின்றன. பலவீனமான டிரம் இன்னும் பலவீனமாகத்தான் இருக்கிறது. மழை வந்தால் தார்ப்பாயும் வரும்.

இன்று காலை ஆபீஸுக்கு லீவ் சொல்லிவிட்டு, அந்தத் தகரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு மெயின் ரோட்டுத் தகரக் கடைக்குப் போனேன். நீளவாக்கில் அறுத்து, வாய்க்கால்போல் வளைத்துத் தரச் சொன்னேன். தார்ப்பாயின் ஓரத்தில் கட்டினால் மழை நேராக இரண்டு டிரம்களிலும் விழும். மிஞ்சியது துளை வழியாகப் போய்விடும்.

அப்பாவிடம் கேட்கவில்லை. சாயங்காலம் அவர் மாடி ஏறும்போது சுவர் வெறுமையாக இருக்கும். தகரத்தை அறுத்தாகிவிட்டது. இனி அதை வைத்து எந்த ஜன்னலையும் அடைக்க முடியாது.