மட்டக்குளியில் ரயில் நிற்குமா?

டணார்!

உள்ளறையில் ஏதோ சட்டி விழுந்து உருண்டது. கூடவே "உஸ்ஸ்!" என்று யாரோ யாரையோ அடக்கும் சத்தம்.

கதிரையில் உட்கார்ந்து, மடியிலிருந்த டெப் திரையில் பதில்களைப் பதிந்துகொண்டிருந்த நப்லா நிமிர்ந்து பார்த்தாள்.

"வீட்டில நீங்க மட்டும்தான் எண்டுதானே சொன்னீங்க, ஆன்ட்டி?"

"பூனைங்க அது" என்றாள் மயிலம்மா.

"பூனை 'உஸ்ஸ்' எண்டு சொல்லுமா?"

மயிலம்மாவுக்கு வியர்த்துக் கொட்டியது. அந்த மாடி வீடு அவளுக்கும் செத்துப்போன புருஷன் வேலுசாமிக்கும் என்று அரசாங்கம் கொடுத்தது. கூடுதலாக ஆட்கள் இருப்பது தெரிந்தால் வீட்டைப் பறித்துவிடுவார்கள் என்று அந்தத் தொடர்மாடி முழுக்கவே ஒரு பயம். கணக்கெடுக்க யார் படியேறி வந்தாலும் சரி, வீட்டில் பாதிப் பேர் உள்ளறைக்குள் ஓடி ஒளிந்துகொள்வார்கள். எல்லாரும் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, ரயில் பாதைத் திட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன் என்று நப்லா வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் வந்தாள். யார் நம்பினார்கள்?

நப்லா பெருமூச்சு விட்டாள்.

"இந்த மாடியில எல்லா வீட்டிலயும் இதே கதைதான் ஆன்ட்டி. வேலைக்குப் போற ஆளே இல்லையாம். கோட்டையில ஈந்து கரையோரமா, ஆத்தையும் தாண்டி நீர்கொழும்பு வரைக்கும் புதுப் பாதை போடப் பாக்கிறாங்க. ஆக்கள் இல்லாத இடத்தில ஸ்டேஷன் எதுக்கு? ரயில் உங்கட ஜன்னலுக்குக் கீழால கூவிக்கொண்டு போகும். நிக்காது."

நிக்காது!

அந்த ஒரு சொல் மயிலம்மாவின் நெஞ்சில் இறங்கியது. பொகவந்தலாவைத் தோட்டத்திலிருந்து வெள்ளவத்தைக்கு வீட்டு வேலைக்கு வந்த சிறுமி அவள். வளர்ந்து, காலி வீதிப் புடவைக் கடையில் சேலை விரித்துக் காட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய வேலுசாமியைக் கட்டிக்கொண்டு மட்டக்குளிக்கு வந்தாள். அன்றிலிருந்து அவள் வாழ்க்கையில் பாதி பஸ்ஸிலேயே கழிந்தது. வேலுசாமிக்கு நெஞ்சு வலித்த அந்த மாலை, தகவல் கிடைத்த உடனே கடையிலிருந்து ஓடி வந்து பஸ் ஏறினாள். கொட்டாஞ்சேனையில் வாகன நெரிசல். கம்பியைப் பிடித்தபடி, "அய்யே, டிக்கக் இக்மனட்ட யன்ன" என்று, கொஞ்சம் சீக்கிரம் போகச் சொல்லி, டிரைவரிடம் சிங்களத்தில் அழுதாள். அவன்தான் என்ன செய்வான்? அவள் படியேறி வந்தபோது வேலுசாமியின் கண்களை யாரோ மூடியிருந்தார்கள்.

மயிலம்மா எழுந்து போய் உள்ளறைக் கதவைப் படாரென்று திறந்தாள்.

"வெளிய வாங்க எல்லாரும்!"

மகன் புஷ்பராஜ் வந்தான். அவன் மனைவி ரஜனி வந்தாள். பின்னால் ஊரிலிருந்து வேலைக்கு வந்து தங்கியிருக்கும் அண்ணன் பிள்ளைகள் இருவர், தலையைக் குனிந்துகொண்டு.

"மாமி, வீடு?" என்று ரஜனி நடுங்கினாள்.

"போனா போகட்டும்! எழுதிக்க புள்ள. அஞ்சு பேரு. அஞ்சு பேரும் தெனம் வெள்ளவத்த, பம்பலப்பிட்டின்னு பஸ்ஸில சாகுறோம்."

நப்லாவின் முகம் மலர்ந்தது. "நான் பேரே கேக்கல்லயே ஆன்ட்டி! எத்தின பேர், எங்க போறீங்க, அது மட்டும்தான் வேணும். வீடு குடுத்த ஆக்கள்ட பக்கமே இது போகாது."

நப்லா பின்னால் வர, மயிலம்மா அடுத்த நொடி மாடி நடைபாதையில் நின்று பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"ஹமீட் நானா! மருமகனக் கூட்டிட்டு வாங்க!"

"அவர் சவூதியில எண்டெல்லோ இந்தப் புள்ளக்கிட்ட சொல்லிட்டேன்!"

"இப்பதான் வந்து எறங்கினாருன்னு சொல்லுங்க!"

சிரிப்பு வெடித்தது. சாரத்தோடு மருமகன் எட்டிப் பார்க்க, மற்றக் கதவுகளும் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒரு வீட்டிலிருந்து எத்தனை பேர்! நப்லாவின் விரல்கள் பறந்தன. ஸ்டேஷன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வரவேண்டும் என்று ஒருவர் கத்தினார். இல்லை, கோயில் பக்கம்தான் என்று இன்னொருவர் மல்லுக்கு நின்றார். "பெட்டியில ஃபேன் வேல செய்யுமா?" என்று புஷ்பராஜ் கேட்டான்.

"பாதையே இன்னும் பேப்பரில ஈக்கு, நீங்க ஃபேன் போடுறீங்க!" என்றாள் நப்லா.

எல்லாம் பதிந்து முடித்துவிட்டு அவள் மயிலம்மாவின் வீட்டுக்குத் திரும்பி வந்து, வைத்திருந்த பையை எடுத்துக்கொண்டாள்.

"வாக்குத் தர ஏலாது ஆன்ட்டி. ஆனா இனி யாரும் மட்டக்குளியில ஆளில்ல எண்டு சொல்ல மாட்டாங்க."

"எப்ப ஓடும் புள்ள?"

"எல்லாம் சரி வந்தா, ஏழெட்டு வருஷம்."

"அதுக்குள்ள நான் வேலய விட்டுருவேனே!" மயிலம்மா சிரித்தாள், கண்கள் பொங்கின. "பரவால்ல. ரஜனி நேரத்துக்கு வீடு வந்து சேருவா."

வாசலில் நப்லா அவள் கையை இறுகப் பிடித்தாள். பிறகு படிகளில் இறங்கினாள். அவள் காலடிச் சத்தம் கீழே தேய்ந்து மறையும்வரை நின்றிருந்து, மயிலம்மா கதவைச் சாத்தினாள்.