அசையாத புள்ளி

“காரைப் பார்க் பண்ணவே மூண்டு தரம் முன்னுக்கும் பின்னுக்கும் அரக்கிறவள், பிளேன் ஓடப் போறாளாம்,” என்றார் மாமா என்னைக் காட்டி. கனடாவில், எங்கள் ஸ்காபரோ வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான், பல்கலைக்கழகமும் முடித்தேன். படித்தால் எதுவும் வரும் என்ற திமிர் எனக்கு உண்டு.

பக்கத்து நகரான ஒஷாவாவில் விமானம் ஓட்டப் பழகத் தொடங்கி ஏழாவது பாடம். மேகமே இல்லாத பகல். விமானத்தின் முன் கண்ணாடியில் ஒரு சிறு புள்ளி இருந்தது. அசையவே இல்லை. பூச்சி அடிபட்டு ஒட்டியிருக்கிறது என்று நினைத்தேன். திடீரென்று பக்கத்தில் இருந்த பயிற்றுநர் என் கையிலிருந்து விமானத்தை வாங்கி வலப்பக்கம் சரித்தார். புள்ளிக்கு இறக்கைகள் முளைத்தன; அது இன்னொரு விமானம். எங்கள் இயந்திர இரைச்சலில் அதன் சத்தம் கேட்கவில்லை. உள்ளே தொப்பி போட்ட ஒரு தலை. அது எங்களைத் திரும்பியும் பார்க்காமல் கடந்து போனது.

இறங்கிய பிறகு அவர் ஏசவில்லை. உலகப் போர்க்காலத்தில் நிறைய விமானங்களை வீழ்த்தியவர்கள் வானத்தில் வித்தை காட்டியவர்கள் அல்ல, முதலில் கண்டவர்கள் என்றார். வெயிலை முதுகில் வைத்துக் கிட்ட வந்து, சுட்டுவிட்டு, நின்று பார்க்காமல் போய்விடுவார்களாம். விழுந்தவர்களில் பலர் தங்களைச் சுட்டவரைக் காணவே இல்லையாம். நான் காணப் பழகும்வரை என்னைத் தனியாகப் பறக்க விடப்போவதில்லை என்று முடித்தார்.

பின்னேரம் அம்மாவிடம் சொன்னேன். குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

“ஆடாமல் நிண்டதோ?”

“ஓம்.”

“பிறகு பெருத்ததோ?”

“உங்களுக்கு எப்பிடியம்மா தெரியும்?”

“சண்டைக்காலத்திலை குண்டு போட வாற பொம்மர் பக்கத்தாலை நகர்ந்தா வேறை ஊருக்கு. நிண்ட இடத்திலை நிண்டு பெருத்தா எங்களுக்கு. உடனை வளவிலை வெட்டின பங்கருக்கை குதிச்சிடுவம்.”

அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஆடாமல் நின்று பெருப்பது நம்மேல் மோத வருகிறது என்ற அதே விடயம் என் பாடப்புத்தகத்தில் படத்தோடு இருந்தது. நான் மஞ்சள் கோடுகூடப் போட்டிருந்தேன்.

குசினி ஜன்னல் கண்ணாடியை அம்மா ஏன் ஒவ்வொரு காலையும் துடைக்கிறார் என்று அன்றுதான் யோசித்தேன். அதில் ஒரு புள்ளியையும் நான் கண்டதில்லை.

அடுத்த பாடத்துக்கு முன் விமானக் கண்ணாடியை நானே துடைத்தேன். எதுவும் தெரியவில்லை. அதற்கடுத்த பாடத்தில், ஏரிப் பக்கமாக, ஒரு புள்ளி நின்றது. ஆடவில்லை. பெருக்கத் தொடங்கியது. பயிற்றுநர் வாய் திறக்குமுன் திருப்பிவிட்டேன். அவர் தன் இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டார்.

அம்மாவிடம் சொன்னபோது ஒன்றுதான் கேட்டார்: “எங்கடை வீட்டுக்கு நேரை வருவியோ?”

“இல்லையம்மா. பக்கத்தாலைதான் போவன்.”

மாமாவுக்கு இன்னும் சொல்லவில்லை. பயிற்றுநரின் சம்மதத்தோடு சனிக்கிழமை காலை தனியாகப் பறக்க என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். அம்மா ஜன்னல் துடைக்கும் சீலைத்துண்டில் பாதியைக் கிழித்துப் பைக்குள் வைத்தும்விட்டேன்.