இன்ஜினைக் கழற்ற மாட்டேன்

போன வியாழக்கிழமை எங்கள் வகுப்புக் கமிட்டித் தலைவர் என்னிடம் ஒரு காகிதத்தை நீட்டினார். ‘இனிமேல் இன்ஜின் வைத்த சைக்கிளில் வரமாட்டேன்’ — என் பெயரில் அவரே எழுதி வைத்திருந்தார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி!

“டீச்சரம்மா, பொம்பள மோட்டார் ஓட்டிக்கிட்டுப் போனா நாலு பேரு என்னா பேசுவாங்க? கையெழுத்துப் போடுங்க. இல்லன்னா வகுப்புச் சாவியக் குடுத்துடுங்க.”

உங்களுக்குத்தான் தெரியுமே... காஜா பேராங்கில் குடியிருக்கும் நான், புக்கிட் ரம்பாய் தாண்டி ஒரு ரப்பர் தோட்டத்தில், பால்மரம் வெட்டும் பெண்களுக்குப் பிற்பகலில் எழுதப் படிக்கச் சொல்லித் தருகிறேன். பஸ் பெரிய சாலையோடு சரி. அப்புறம் முழுக்கச் செம்மண் மேடு. என் முழங்கால் அதற்கு ஒத்துழைப்பதில்லை. அதனால்தான் பின்சக்கரத்தில் ஒரு குட்டி இன்ஜின் பூட்டினேன். சமதரையில் நான் மிதிப்பேன், மேட்டில் அது இழுக்கும். இதில் என்ன மானக்கேடு?

கமிட்டியில் இருக்கும் வாத்தியார் ஒருவரும் இதே மாதிரி இன்ஜின் சைக்கிளில்தான் வருகிறார். அவர் ஓட்டினால் நாகரிகம். நான் ஓட்டினால் திமிர்! நாட்டுக்கு மெர்டேக்கா, அதான் சுதந்திரம், கிடைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை — அது ஆண்களுக்கு மட்டும் கிடைத்ததா? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

காகிதத்தை நான் தொடவே இல்லை. சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் அதே சைக்கிளில் தோட்டத்துக்குப் போனேன். இனி நமக்கு வகுப்பறை இல்லை என்று சொன்னேன். மாணவிகளில் மூத்தவள் மாரியாயி, இடுப்பில் கை வைத்தபடி கேட்டாள்.

“சாவி இல்லன்னா என்னா டீச்சர்? எங்க வீட்டு முன்னால தீக்கார் விரிச்சா ஆச்சு லா! நீங்க மட்டும் வராம இருந்துடாதீங்க.”

பாய் விரித்தார்கள். பதினோரு பேரும் உட்கார்ந்தார்கள். வகுப்பு நடந்தது. முடிந்ததும் மாரியாயி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சைக்கிளில் ஏறினாள். இரண்டு தடவை விழுந்தாள். மூன்றாவது தடவை மேட்டின் உச்சியில் நின்று கையாட்டினாள்.

நர்ஸுகளே, டீச்சர்களே, தினமும் சாமான் வாங்கப் பாசாருக்கு நடந்து கால் வீங்குகிறவர்களே — நீங்களும் ஒரு இன்ஜினைப் பூட்டிக்கொள்ளுங்கள். ஒருத்தி ஓட்டினால் ஊர் பேசும். தெருவுக்குத் தெரு ஓட்டினால் யார் எவ்வளவு நேரம்தான் பேசிக்கொண்டிருப்பார்கள்?

நேற்றும் தலைவர் ஆள் அனுப்பிக் கையெழுத்துக் கேட்டார். கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுப்பவள் நான்... எதில் போடக்கூடாது என்பதையும் சேர்த்துத்தான் கற்றுக்கொடுக்கிறேன்!