எறும்பு மொய்த்த கல்யாணப்பட்டு

எனக்குச் சக்கரை வியாதி வந்தபோது வயது எட்டு. உத்திரமேரூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் அது தாத்தாக்களுக்கு வரும் வியாதி. மிட்டாய் தின்றே வரவழைத்துக்கொண்டவள் என்று தெருவே என்னைப் பார்த்தது. தினம் இரண்டு வேளை இன்சுலின் ஊசி. அம்மா ஊசியை எடுத்துவிட்டுத் திரும்பக் கீழே வைத்துவிடுவாள். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். உத்திரமேரூரில் மருந்துக்கடையில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, எங்கள் வீட்டிலேயே தங்கி ஊசி போட்டார். வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது. மருந்தை ஒரு டப்பாவில் போட்டு மூடி, பானைத் தண்ணீரில் மிதக்கவிட்டிருப்பார்.

பத்து வயதில் ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் கைகால் உதறி வியர்த்துக் கொட்டியது. டீச்சர் பாதியிலேயே வீட்டுக்கு அனுப்பினார். அப்பாவும் அம்மாவும் நடவுக்குப் போயிருந்தார்கள். கதவைத் தள்ளினால், அம்மாவின் கல்யாணப்பட்டைக் கட்டிக்கொண்டு மாமா கண்ணாடி முன்னால் நிற்கிறார். நெற்றியில் பொட்டு. அம்மா கட்டினால்கூடக் கொசுவம் அவ்வளவு ஒழுங்காக நிற்காது. ஆச்சரியப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. அப்படியே சரிந்தேன். மாமா புடவையோடு ஓடி வந்து என்னை மடியில் கிடத்தி, ரத்தத்தில் சக்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டதென்று சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டினார். பாதி என் வாயில், பாதி முந்தானையில்.

எனக்குக் கண் தெளிந்ததும் முந்தானையை ஈரத்துணியால் துடைத்து, காயவைத்து, பெட்டியில் மடித்து வைத்தார்.

"யார்கிட்டயும் சொல்லாத பாப்பா," என்றார். தலையாட்டினேன்.

மறுநாளிலிருந்து மாமா வேறு ஆளாகிவிட்டார். "நீயே போட்டுக்கோ" என்று ஊசியை என் கையில் கொடுத்துவிட்டார். அழுதேன், கெஞ்சினேன், சோறு வேண்டாம் என்று படுத்தேன். மனுஷன் மசியவில்லை. புடவையைப் பார்த்ததற்குத் தண்டனை என்றுதான் நினைத்தேன். கோபம் கோபமாக வந்தது.

பத்தாம் நாள் பெட்டியிலிருந்து எறும்புச் சாரை கிளம்பியது. அம்மா திறந்தால், பட்டின் மடிப்பெல்லாம் எறும்பு.

"இன்னாடி இது? நீ எடுத்துக் கட்டிக்கினியா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முதுகில் இரண்டு அடியோடு போயிருக்கும். நான் மாமாவைப் பார்த்தேன். நான் பார்த்ததை அப்பா பார்த்தார். எங்கள் ஊரில் உண்மையை வரவழைக்க ஒரே வழிதான்: எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்யவேண்டும். அப்பா வாசலில் கற்பூரம் கொளுத்தினார்.

"அடிச்சி சொல்லு. பொய் சத்தியம் பண்ணா ஒடம்புல கீற வியாதி இன்னும் ஏறிக்கும்."

வியாதிக்குப் பயந்துதான் சொன்னேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. அன்று காலையும் ஊசி வலித்திருந்தது. கற்பூரத்தை அடித்தேன்.

"மாமாதான் கட்டிக்கினு இருந்துச்சி. பொட்டுகூட வெச்சிக்கினு இருந்துச்சி."

பொட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அதை எதற்குச் சொன்னேன் என்று இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அப்பா அடித்த சத்தம் தெருக்கோடிவரை கேட்டது. மாமா கையைக்கூடத் தூக்கவில்லை. ஒரு பையோடு பஸ் ஏறப் போகும்போது என்னிடம், "பானைத் தண்ணிய டெய்லி மாத்து" என்றார். அவ்வளவுதான். அப்புறம் வரவே இல்லை.

இப்போது நான் சென்னையில் இருக்கிறேன். நான் நேசிப்பதும் ஒரு பெண்ணைத்தான். வருடாவருடம் வானவில் பேரணியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பையில் இன்சுலினும் மிட்டாயுமாக நடக்கிறேன். பெருமையாகத்தான் இருக்கிறது. கண் மட்டும் பட்டுப்புடவை கட்டியவர்கள் பின்னால் போய்விடுகிறது. கண்டுபிடித்தால் மாமா என்பதா, சித்தி என்பதா, அதை அவரையே கேட்டுக்கொள்ளலாம்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, அடுப்படியில் அம்மா தானாக மாமாவைப் பற்றிப் பேச்செடுத்தாள்.

"அவன் ரெண்டு வருசமா மெட்ராஸ் போறேன் போறேன்னு சொல்லிக்கினே இருந்தான். பாப்பா தானா ஊசி போட்டுக்கக் கத்துக்கட்டும்க்கா, அப்புறம் போறேம்பான்."

அந்த இரண்டு வருடமும் எனக்கு ஊசி போடுவதற்காகத்தான் அவர் அந்த வீட்டில் லுங்கி கட்டிக்கொண்டு இருந்தார். கற்பூரத்தை அடித்த பிள்ளைக்கு அது தெரியாது.