ஃபேன் இல்லாத பெட்டி

வேடசந்தூர் ரோட்டு ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டராகக் கிடந்து ரிட்டையரான அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இனி என் வீட்டில் எந்த மிஷினும் கத்தக் கூடாது. ஆயுசு பூரா இரைச்சலில் நின்றாச்சு. மிச்ச காலத்துக்கு நல்ல பாட்டு, அதுவும் சுத்தமாகக் கேட்கவேண்டும்.

பாட்டெல்லாம் மகன் விட்டுப்போன பழைய லேப்டாப்பில் இருந்தது. போட்டால் முதலில் அதன் ஃபேன்தான் பாடும். சனியனைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டு, உள்ளங்கை அகலத்தில் ஒரு கம்ப்யூட்டர் தேட ஆரம்பித்தேன். கரண்டை ரொம்பக் குடிக்காது, அதனால் சூடாகாது, ஃபேனே வேண்டாம். "இருக்கிற லேப்டாப்பே போதும்ப்பா" என்று போனில் மகன் சொன்னான். "உனக்கென்னடா தெரியும்?" என்று அவன் வாயை அடைத்தேன். எந்த போர்டு, எந்த அடாப்டர், டிஜிட்டல் பாட்டை ஸ்பீக்கருக்கு மாற்றித் தரும் சின்ன டப்பாவில் எது உசத்தி என்று மாசக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

"என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பக்கூட இம்புட்டு விசாரிக்கலயே" என்று வீட்டுக்காரி நக்கலடித்தாள்.

ஒருவழியாகப் பூட்டி முடித்து சுவிட்சைப் போட்டேன். பாட்டு இன்னும் போடவில்லை. வீடே அப்படியொரு அமைதி. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தியா, மூச்சு விடுற சத்தம்கூட இல்ல."

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் முகத்தைச் சுளித்தாள். "என்னங்க இது, கொய்ங்னு காதைக் குடையுது. நிறுத்துங்க."

"ஏ போடி, ஃபேனே இல்லாததுல என்ன சத்தம்?"

அவள் எழுந்து வந்து அடாப்டரைத் தொட்டுக் காட்டினாள். காதை ஒட்டவைத்துக் கேட்டேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. எரிச்சலோடு அவளைச் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கச் சொல்லி, சொல்லாமலே சொருகினேன், பிடுங்கினேன். "இப்ப இருக்கு… இப்ப நின்னுருச்சு." ஒருதரம்கூட அவள் தப்பாகச் சொல்லவில்லை.

அடாப்டரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தேன். மில்லில் காதுக்கு அடைப்பான் கொடுக்கத்தான் செய்தார்கள். நான் சட்டைப்பையிலேயே போட்டு வைத்திருப்பேன். மிஷினுக்கு என்ன நோவு என்று சத்தத்தில்தானே தெரியும், காதை அடைத்துக்கொண்டு என்னத்தைப் பார்ப்பது என்று வியாக்கியானம் வேறு. சுற்றிலும் பஞ்சு பறக்கிற இடத்தில் நின்றுகொண்டு துளிப் பஞ்சைக் காதில் வைத்துக்கொள்ளத் தோன்றவில்லையே, மடப்பயலுக்கு! இப்போது நினைத்து என்ன செய்ய? சன்னமான சத்தமெல்லாம் எப்போது என்னைவிட்டுப் போனதென்றுகூட எனக்குத் தெரியாது.

வேறு நல்ல அடாப்டர் வாங்கி மாற்றினேன். சத்தம் போய்விட்டதை அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பிறகு, கல்யாணமான புதிதில் நாங்கள் ரேடியோவில் கேட்ட பாட்டு ஒன்றைப் போட்டேன். அவள் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க, பின்னாடி சலங்கை மாதிரி சன்னமா ஒண்ணு வருதே! இம்புட்டு வருசத்துல இதைக் கேட்டதே இல்ல. உங்க பெட்டி பெட்டிதாங்க."

"பின்ன, அதுக்குத்தான இம்புட்டுப் பாடு?" என்றேன்.

மறுபடி போடச் சொன்னாள். போட்டேன். சலங்கை வருகிற இடத்தில் அவள் தலை ஆடியது. அதைப் பார்த்து நானும் ஆட்டினேன்.