நாலு மூலையும் தரையில்

என் சித்தி இரும்பு கேட் செய்பவர். எங்கள் தெருவில் பாதி வீடுகளின் கேட் அவர் பட்டறையில் பிறந்ததுதான். ஆனால் யாராவது பாராட்டினால் முகத்தைச் சுளிப்பார்.

"நான் செஞ்சது எல்லாம் நின்ன இடத்துலயே நிக்குது. ஓடுற மாதிரி ஒண்ணாவது செய்யணும்."

சித்தப்பா விட மாட்டார். "ஒரு கேட்டுக்குச் சக்கரம் வச்சுப் பாரேன். ஓடுறதோட, வீட்டையும் இழுத்துக்கிட்டுப் போகும்."

எங்களுக்கு அது சிரிப்பு. சித்திக்கு இல்லை.

ஒருநாள் பக்கத்துத் தெரு தையல்காரி ஆள் அனுப்பினார். தையலுக்குத் தனியாக ஓர் அறை கட்ட, வீட்டின் பின்பக்கப் புதரை வெட்டியிருக்கிறார்கள். உள்ளே ஒரு மிகப் பழைய காரின் அடிச்சட்டம் கிடந்திருக்கிறது. மேல்கூடு, இருக்கை, எஞ்சின் எதுவும் இல்லை. ஏணியைப் படுக்கப் போட்டது போல வெறும் இரும்பு. அவருடைய மாமனார் எப்போதோ வாங்கிப் போட்டதாம். அதன் ஒரு மூலை மேல், மழையில் நனைந்து கல்லாகிப்போன சிமென்ட் மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

பழைய இரும்புக்காரரும் வந்திருந்தார். கயிற்றில் கட்டிய காந்தத்தைக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பதால் அவர் பெயரே காந்தம்தான்.

"அக்கா, இவர் எடைக்குத்தான்னு சொல்றார், எனக்கு நம்பிக்கை இல்லை. நீங்க பார்த்துச் சொல்லுங்க. இது வண்டிக்கு ஆகுமா, எடைக்குத்தான் ஆகுமா?" என்றார் தையல்காரி.

சித்தி சுத்தியலால் நெடுகத் தட்டிக்கொண்டே போனார். துரு பொலபொலவென்று உதிர்ந்தாலும் சத்தம் மணி போல வந்தது. அவர் முகம் மலர்ந்தது. இரும்பு உள்ளே அரிக்கவில்லை. பிறகு இரண்டு நேரான குழாய்களை முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகக் குறுக்கே வைத்து, குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். இரண்டும் ஒன்றோடொன்று இணையாக இருக்க வேண்டும். பின்குழாய் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மறுபடி பார்த்தார். மலர்ந்த முகம் சுருங்கிவிட்டது.

"முறுக்கிக்கிச்சும்மா. வண்டிக்கு ஆகாது. எடைக்குத்தான்."

"நான் சொன்னப்போ நம்பலையே" என்று காந்தம் தராசை எடுக்கப் போனார்.

"அண்ணே, இருங்க. நீங்க குடுக்கிற விலையை நானே இவங்களுக்குக் குடுத்துடறேன்."

"வளைஞ்ச இரும்பை வச்சு என்ன பண்ணப் போற?"

"சும்மா பார்த்துக்கிட்டு இருப்பேன்."

காந்தம் தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் மூட்டைகளைத் தள்ளிவிட்டு, சட்டத்தைத் தன் வண்டியிலேயே ஏற்றிவந்து பட்டறையில் இறக்கிக் கொடுத்தார். அங்கேதான் சங்கதி. சிமென்ட் தரையில் இறக்கியதும் சட்டம் ஆடவே இல்லை. நாலு மூலையும் தரையில் பதிந்து நின்றது. சித்தி ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். குழாய்களை வைத்துப் பார்த்தார். கோடு போட்டது போல நேராக இருந்தது.

"அந்த மூட்டைங்க!" என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "பாரத்துல ஒரு மூலை தொங்கியிருக்கு. அதை எடுக்காமலே பார்த்துட்டேன். இரும்பு கேட்டா இருந்தா பாரத்தை எடுத்தாலும் கோணல் கோணலாவே இருக்கும். இது வண்டி. பள்ளத்துல வளைஞ்சு, மேட்டுல நிமிரணும்னே செஞ்சது. நான் இதையும் கேட் மாதிரி பார்த்திருக்கேன்."

காந்தம் குரலைத் தாழ்த்தினார். "விவரம் தெரிஞ்சவன் கொத்திக்கிட்டுப் போவான் தங்கச்சி. உனக்கு யோகம். வாயைத் திறக்காதே."

சித்தி வாயைத் திறக்கவில்லை. அன்று மதியம் முழுக்க வேலையில் இருந்தார். ஒரு கேட்டுக்கு உள்பக்கம் வரவேண்டிய கீல்களை வெளிப்பக்கம் வைத்துப் பற்றவைத்துவிட்டு, அறுத்தெடுத்து, மறுபடியும் வெளிப்பக்கமே வைத்தார்.

சாயங்காலம் சித்தி கையைக் கழுவிக்கொண்டு தையல்காரி வீட்டுக்கு நடந்தார். நானும் கூடப் போனேன்.

"நான் தப்பா சொல்லிட்டேன்மா. அது நேரா இருக்கு. வண்டிக்கு ஆகும். எடை விலைக்குக் கொடுக்கிற பொருள் இல்லை. உங்க பொருளை நீங்களே வச்சுக்குங்க."

தையல்காரி தையல் மிஷினை நிறுத்தினார். "அப்போ என்ன விலை?"

"அது எனக்குத் தெரியாது. பழைய வண்டி வாங்குறவங்களைக் கேட்கணும்."

"நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதே அக்கா."

"எனக்குத் தெரிஞ்சிருக்குமே. தினமும் அது பட்டறையில என் எதிர்ல கிடக்கும்."

தையல்காரி கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "உங்களுக்கு அதை என்ன பண்ண ஆசை?"

சித்தி வெட்கப்பட்டதை நான் அன்றுதான் முதல்முறை பார்த்தேன். "ஓட்டிப் பார்க்கணும்" என்றார்.

"இங்க கொண்டுவந்தா மறுபடியும் புதர்தான் மூடும். அங்கேயே இருக்கட்டும். நீங்க குடுத்த பணத்தைத் திருப்பி வாங்கிக்குங்க. வேலை உங்களுது, பொருள் என்னுது. ஓடினா ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி. ஓடலைன்னா காந்தம் எங்கே போயிடப் போறார்?"

இப்போது அந்தச் சட்டம் பட்டறை நடுவில் இருக்கிறது. கேட் வேலை முடிந்ததும் சித்தி கம்பி பிரஷை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். துரு போன இடமெல்லாம் கருநீலமாக மின்னுகிறது. எஞ்சின் எங்கே கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. காந்தம் மட்டும் போகிற ஊரிலெல்லாம் புதர்களை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறார்.

நேற்று தையல்காரி கழுத்தில் டேப்போடு வந்தார். சட்டத்தின் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு அதில் ஏறி உட்கார்ந்தார்.

"சீட்டு இங்கதானே அக்கா வரும்?"

"இன்னும் எஞ்சினே வரலைம்மா."

"அது வர்றப்போ வரட்டும். நீங்க இப்படி வந்து உட்காருங்க, அளவெடுக்கணும்."